படத்தில் மாமா பொட்டி மேலே

வீட்டுக்கு நெட்வொர்க் போடுவது சுலபம். அதைப் படமாக வரைந்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவதில்தான் ஆயுசு போகும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்தில் பிராட்பேண்ட் வந்த புதுசு. "இங்கே ஏன் ஓட்டை போட்டாய்" என்று பலரும் சண்டைக்கு வந்ததால், ஒப்பில்லாமல் கேபிள் இல்லை என்று எங்கள் முதலாளி சட்டம் போட்டிருந்தார். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து.

மேகம்

வலியசாலையில் சிவராமன் மாமா வீடு. ரிட்டயரான ஆபீசர். மகன் மஸ்கட்டில். மருமகள் விஜிக்கு, டாக்டர்கள் பேசிய டேப்பைக் கேட்டு டைப் அடித்து அனுப்பும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் லைன் வராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். பாவம், அந்தப் பெண் கண்ணாலேயே கெஞ்சினாள்.

இன்டர்நெட்டை மேகமாக வரைவதுதான் எங்கள் வழக்கம். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வீட்டுக்குள்ள மேகமா? ஏற்கெனவே கூடம் ஒழுகறது, ஓய்!"

பூஜை அறை

மேகத்தை வாசலுக்குத் தள்ளினேன். உடனே கேபிள் கோடு பூஜை அறைக்கு நடுவே பாய்ந்தது. நான் சுற்றி இழுத்துவிட்டால் படம் வரையும் அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேர் தானே நேராக்கிக்கொள்ளும். கேபிள் நிஜத்தில் ஓட்டுக்கு அடியில் போகும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"பேப்பர்லயே ஸ்வாமி தலையில கம்பி ஓட்டறீர், சுவத்துல என்னதான் பண்ண மாட்டீர்?"

யார் மேலே

சனிக்கிழமை மூன்றாவது படம். விஜியின் அறையில் லைனைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர், அங்கிருந்து மாமாவின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு கேபிள். மாமா அதில் சீட்டு விளையாடுவதோடு சரி. ஆனாலும் முகம் சிவந்துவிட்டது. குடும்பத் தலைவனுக்கு மருமகள் வழியாகவா வரும்? தன் பெட்டி மேலே, அதன் வழியாக அவளுக்கு. அப்படி வரைந்தால்தான் கையெழுத்து.

வரைந்து கொடுத்தேன். போட்டார். கேபிளை மட்டும் முதலில் நினைத்தபடியே இழுத்தேன். திங்கட்கிழமை விஜி வேலையில் சேர்ந்தாள். படம் ஒன்று, சுவர் ஒன்றாக இருக்கிறதே என்று முதலாளியிடம் பயந்துகொண்டே சொன்னேன். கையெழுத்துதான் கிடைத்தாயிற்றே, அப்புறம் என்ன என்று அவர் மலையாளத்தில் சிரித்தார்.

"ஒப்பு கிட்டியல்லோ, பின்னெந்தா?"

ஸ்விட்ச்

ஒரு மாதம் கழித்து மாமா போன் பண்ணி உடனே வரச் சொன்னார். மாமனார் மருமகளுக்குள் சண்டை. உறவில் ஒரு சீமந்தத்துக்கு, ஷிஃப்ட் இருக்கிறது, வர முடியாது என்று விஜி சொல்லிவிட்டாள். அவள் வேலையை நிறுத்துவதற்காக மாமா தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே டைப் சத்தம் மழை மாதிரி. படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நான் ஆஃப் பண்ணியாச்சு, இவ எப்படிங்காணும் இன்னும் அடிக்கறா?"

நிஜத்தைச் சொன்னால் ரவுட்டர் இன்றே மாமா பக்கம் மாறும், அவர் நினைத்தபோது அணைப்பார், அவள் வேலை போகும். கதவருகில் வந்து நின்ற விஜி முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, பெரிய பொட்டி. அணைச்சாலும் கீழே இருக்கறவாளுக்கு வழி விட்டுண்டேதான் இருக்கும்" என்று அவர் பாஷையிலேயே அளந்துவிட்டேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ என் தயவுலதான் ஓடறது?" "ஆமாம்ப்பா, எல்லாம் உங்க தயவுதான்" என்றாள் விஜி, சிரிக்காமல். வாசல்வரை என்னோடு வந்தாள்.

"அண்ணா, வயரை எப்ப வேணா மாத்துங்கோ, அந்தப் படத்தை மட்டும் மாத்திடாதீங்கோ."

அன்றுமுதல் வீட்டுக்கு இரண்டு படம் வரைகிறேன்: ஒன்று சுவருக்கு, ஒன்று பெரியவருக்கு.