லொறி இடித்த காரும் ஒரு மன்னிப்பும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசையாக நின்ற வாடகைக் கார்களில் ஒன்று என் கணவருடையது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கியது. என் கழுத்திலும் கையிலும் கிடந்ததெல்லாம் அதற்குள் போயிருந்தது. அது ஓடினால்தான் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். ஆனால் அவர் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால், அந்தக் காருக்காகத்தான் நாங்கள் எல்லாரும் பிறந்திருக்கிறோம் என்று தோன்றும்.

இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு முந்திய வாரம் அது. கார் தன் இடத்தில் சும்மா நின்றிருக்கிறது. அரிசி மூட்டை ஏற்ற வந்த லொறி ஒன்று பின்னால் பார்க்காமல் வந்து அதன் முன்புறத்தில் இடித்துவிட்டது. ஒரு விளக்குப் போயிற்று, மட்காட் நசுங்கிற்று, ரேடியேட்டர் பிளந்து தண்ணீர் தெருவில் ஓடிற்று. சின்ன விபத்துதான், யாருக்கும் நகக்கீறல்கூட இல்லை. ஆனால் ரேடியேட்டர் இல்லாமல் கார் ஓடாது. புதியதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க எங்களுக்கு வக்கில்லை. எங்கள் இன்சூரன்ஸோ மலிவானது. நாங்கள் யாரையாவது இடித்தால் கொடுக்கும், எங்களை யாராவது இடித்தால் கொடுக்காது.

லொறி, எங்கள் மாதா கோவிலுக்கே பூசைக்கு வருகிற அரிசிக்கடை முதலாளியுடையது. அவர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "தப்பு நம்ம ஆள் மேலதாங்க. லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கம்பனிக்காரன் குடுப்பான். கவலப்படாதீங்க" என்றார். என் கணவரின் காதில் அது ஏறவில்லை. காரின் கோலத்தைப் பார்த்த ஆத்திரத்தில் முதலாளியையும் அவர் பரம்பரையையும் நடுத்தெருவில் வைத்துக் கிழித்துவிட்டு வந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்குப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குமுன், மனஸ்தாபப்பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக வேண்டும். போனவர், "தப்பு என்மேலதான், மன்னிச்சிருங்க" என்பார். வீட்டுக்காரர், "இல்ல, என்மேலதான்" என்பார். ஆளுக்கு ஒரு கோப்பி குடித்தால் முடிந்தது. உண்மையில் தப்பு யார்மேல் என்று ஒருவரும் துருவமாட்டார்கள். துருவினால் மறுபடி சண்டைதானே வரும். திருநாளுக்கு முந்திய பெரிய வியாழன் காலையில் என் கணவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. திருநாளன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு நன்மை வாங்கினார்கள்.

லொறியின் இன்சூரன்ஸ் கம்பனி ஆள் அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தவர், மரியாதையான மனிதர். கராஜில் காரைக் குனிந்து குனிந்து பார்த்தார், அரிசிக்கடைக்குப் போய் முதலாளியிடம் விசாரித்தார், பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்கள் முதலாளியின்ரை வீட்டை போய், பிழை என்ரைதான் எண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னேங்க. ஆனா அது பாஸ்குக்காகச் சொன்னது."

"சொன்னனீங்கள்தானே?"

"சொன்னேங்க."

பிழையைத் தானே ஒப்புக்கொண்டவருக்குக் கம்பனி எதுவும் கொடுக்காதாம். நின்ற கார் எப்படி ஐயா லொறியைப் போய் இடிக்கும் என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "எனக்கு விளங்குது அம்மா. உங்கடை கோயில் வழக்கத்தை நான் கொழும்பிலை என்னெண்டு சொல்லி விளங்கப்படுத்துறது?" என்று எழுந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அரிசிக்கடைக்குப் போனேன்.

"மன்னிப்புக் கேட்டாரான்னு அந்த ஆள் கேட்டாரும்மா. கேட்டாருன்னேன். நன்மை வாங்கின வாயால பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றார் முதலாளி.

"நீங்களும் தப்பு என்மேலன்னு சொன்னீங்கதானே?"

"அத அவரு கேக்கலையேம்மா."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் கொடுமை. கெட்ட மனிதராக இருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசி மனதையாவது ஆற்றியிருப்பேன். பிறகு அவரே, தப்பு தன் லொறிமேல்தான் என்று கம்பனிக்குச் சொல்லிப் பார்த்தார். இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். யாரைக் குறை சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கார் கராஜிலேயே கிடந்தது. என் கணவர் காலையில் போய் ஓடாத காரைத் துடைத்துவிட்டு நடந்து வருவார். விற்க என்னிடம் நகையும் மிச்சமில்லை. கடைசியில் முதலாளியே காரை வாங்கிக்கொண்டார். நியாயமான விலைதான் கொடுத்தார், குறை சொல்லமுடியாது. பழுது பார்த்து, தன் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டு, என் கணவரையே அதற்கு டிரைவராகக் கூப்பிட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? சரின்னேன்."

அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூசைக்கு நடந்து போனேன். மேட்டில் ஏறும்போது பின்னால் கார் வரும் சத்தம் கேட்டது. எனக்குப் பழகிய சத்தம். சின்னவன் துள்ளி நடுறோட்டுக்கு ஓடினான், "அப்பா, அப்பா" என்று கையைக் காட்டினான். பின் சீட்டில் முதலாளியின் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். காரை ஓட்டி வந்த என் கணவர் எங்களைப் பார்த்தார், ஹோர்ன் அடித்தார். நான் சின்னவனைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து வழிவிட்டேன்.