அவருக்கு முன்னால் வாங்கிய சேணம்

நெடுந்தீவில் பிறந்தவனுக்குக் குதிரை புதினமில்லை. மேற்குப் பக்கத்துப் புல்வெளியில் மட்டக்குதிரைகள் கூட்டங்கூட்டமாய் மேய்ந்து திரியும். பள்ளிக்கூடம் விட்டதும் அவற்றின் முதுகில் தொற்றி, விழுந்தெழும்பித்தான் சவாரி பழகினேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடற்றொழில். நான் மட்டும் இருபது வயதில் கொழும்புக்குப் போய் ஒரு தனியார் சவாரிப் பள்ளியின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

பள்ளியின் முதலாளி தமிழர். எங்களுக்கு அயல்தீவு ஒன்றில் காணிபூமியுள்ள குடும்பம். பணக்காரப் பிள்ளைகளுக்கு அவர் டிரெஸாஜ் சொல்லிக்கொடுத்தார். குதிரையை விரட்டி ஓட்டாமல் அளந்து அடிவைக்கவும், பக்கவாட்டில் கால் மாற்றி நடக்கவும் பழக்குகிற சவாரி அது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதிகாலையில் குதிரைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நான் சேர்ந்து நாலாம் வருஷம் இங்கிலாந்திலிருந்து புதுச் சேணம் ஒன்று வந்தது. முதலாளியின் மருமகன், அவருடைய தமக்கையின் பிள்ளை, ஒருநாள் சவாரி முடித்து, அதை வேலிமேல் போட்டுவிட்டுப் போய்விட்டான். இரவெல்லாம் மழை. காலையில் தோல் ஊறி வீங்கிக் கிடந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். மருமகன் பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழி என்மேல் விழுந்தது. பாடத்துக்கு வந்த பிள்ளைகளும் அவர்களின் தாய் தகப்பன்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி சொன்னார்:

"உன்ரை சீவியம் முழுக்க உழைச்சாலும் உந்தச் சேணத்தின்ரை ஒரு வாரைக்கூட உன்னாலை வாங்க ஏலாது. போடா வெளியிலை."

நான் ஊருக்குத் திரும்பினேன். கலியாணம் கட்டினேன். கடலட்டை குளித்து, அதாவது மூச்சடக்கி மூழ்கி அட்டை பொறுக்கி, பிழைத்தேன். புல்வெளியில் ஒரு கறுத்தப் பெட்டைக்குதிரையைப் பிடித்து, சாக்கை மடித்து முதுகில் கட்டி, கொழும்புக் குதிரைகளுக்குக் கற்பித்ததையெல்லாம் அதற்கும் கற்பித்தேன். அது நன்றாகவே கற்றுக்கொண்டது. ஆனால் அதன்மேல் ஏறும்போதெல்லாம் அந்த மனுஷனின் சொல்லும் என்னோடு சேர்ந்து ஏறும். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் அதுதான் காதில் கேட்கும்.

எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டுச் சாமான்களுக்கு இருந்த தடை நீங்கி, கொழும்புக் கடைகள் நிரம்பத் தொடங்கிய காலத்தில், லாயத்தில் என்னோடு வேலை செய்த கூட்டாளியிடமிருந்து கடிதம் வந்தது. கோட்டைப் பக்கத்துக் கடையொன்றுக்கு டிரெஸாஜ் சேணம் ஒன்றே ஒன்று வந்திருக்கிறதாம். பழைய முதலாளி பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். விலையையும் எழுதியிருந்தான். வள்ளத்துக்கு மிசின் வாங்கவென்று நாங்கள் ஆறு வருஷம் சேர்த்த காசு அப்படியே அதற்குப் போய்விடும்.

அன்று பின்னேரம் கயிறு எடுத்துப் போய்க் குதிரையின் முதுகை அளந்தேன். எனக்குத் தெரியாததா? அந்தச் சேணம் பெரிய சாதிக் குதிரைக்குச் செய்தது. என் குதிரைக்குப் பொருந்தாது. வாங்கினால் ஒரு பிரயோசனமுமில்லை. மூன்று நாள் நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டு, அதை வாங்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள். "மிசின் இல்லாமல் இன்னும் எத்தினை வருஷம் துடுப்பு வலிக்கப்போறியள்? உந்தச் சேணத்தைக் குதிரைக்குப் போட ஏலுமோ?"

"ஏலாது."

"பிறகு?"

அவள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தாள் சொன்னதை இன்னொருக்கால் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். காசை ஒரு சீலைத்துண்டில் வைத்து நாலு பக்கமும் தைத்து என் மடியில் போட்டாள்.

"போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

கொழும்பில் கடைக்காரர் முதலில் என் சாரத்தையும் செருப்பையும்தான் பார்த்தார். நான் சேணத்தைக் கவிழ்த்துத் தையலைத் தடவி, முன்மேட்டை அழுத்திச் சட்டத்தைச் சோதித்த பிறகு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். வேறொருவர் கேட்டிருப்பதாகவும் நாளைக்கு வருவார் என்றும் சொன்னார்.

"காசு கட்டினவரோ?"

"இல்லை."

காசைக் கட்டி, பெயரும் விலாசமும் எழுதிக்கொடுத்துப் பற்றுச்சீட்டு எடுத்தேன். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ரயிலேறியிருக்கலாம். ஏறவில்லை. சேணம் இன்னும் ஒருநாள் கடையிலேயே இருக்கட்டும் என்றேன். மறுநாள் கடை திறந்ததிலிருந்து அதற்குப் பக்கத்தில் அந்தக் கதிரையில் இருந்தேன்.

பதினொரு மணியளவில் அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சேணத்தைத் தட்டி, "இதை இன்னும் கட்டி வைக்கேல்லையோ?" என்று கேட்டார். கடைக்காரர் என்னைக் காட்டினார்.

"நீரோ வாங்கினது? என்ன வேலை பாக்கிறீர்?"

"அட்டை குளிக்கிறனான், ஐயா."

சிரித்தார். "தம்பி, இது என்ரை மகளுக்கு. அடுத்த மாதம் அவளுக்குப் போட்டி. நீர் குடுத்ததுக்கு மேலை தாறன், விடும்."

"ஐயாவுக்கு என்னைத் தெரியேல்லையோ?"

உற்றுப் பார்த்தார். தெரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல். இத்தனை வருஷம் நான் சுமந்து திரிந்த மனுஷனுக்கு என் முகம்கூட நினைவில்லை. மழையைச் சொன்னேன், வேலியைச் சொன்னேன், மருமகனைச் சொன்னேன். பிறகு, கடையில் நின்ற நாலைந்து பேருக்கும் கேட்கும்படி, அவர் சொன்ன சொல்லை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அவருடைய காது சிவந்தது.

"அதெல்லாம் பழங்கதை. கோவத்திலை ஆரும் ஒரு சொல் சொல்லுறதுதானே."

"ஓம் ஐயா. அந்த ஒரு சொல்லுக்குத்தான் இதை வாங்கினனான்."

சேணத்தைத் தோளில் தூக்கினேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர், நான் போவதற்கு விலகி வழிவிட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் வரும்வரை ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். என் கலியாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வீட்டில் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். தகப்பனின் கோட்டைச் சின்னப்பிள்ளைக்குப் போட்டதுபோல இருந்தது. குதிரை முதுகைச் சிலுப்பியது. கழற்றிவிட்டு, பனைமரக் கட்டையால் ஒரு தாங்கி அடித்து முன் அறையில் வைத்தேன். உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் கிழமைக்கொருதரம் எண்ணெய் பூசினேன். மிசின் வாங்க இன்னும் மூன்று வருஷம் சென்றது. அதுவரை துடுப்பு வலித்ததில் வலது தோள் இறங்கிவிட்டது.

சேணம் வாங்கிய அந்த வருஷமே, மாரி தொடங்க முன்னர் ஒரு கடிதம் வந்தது. முதலாளியின் மகள், பதினேழு வயதுப் பிள்ளை, கடைக்காரரிடம் விலாசம் வாங்கி எழுதியிருந்தாள். போட்டி போய்விட்டது, அடுத்த வருஷப் போட்டிக்காவது அந்தச் சேணத்தைத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். 'உங்களைப்போலக் குதிரை பழக்கியவர் எங்கள் லாயத்தில் அதற்குப் பிறகு வரவில்லை என்று அப்பா சொன்னார்' என்றும் ஒரு வரி இருந்தது.

அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். என் முகத்துக்கு நேரே அவர் ஒருநாளும் சொல்லாத சொல். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"பாவம்," என்றாள் அவள். "அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது? குடுத்துவிடுங்கோவன்."

"பிள்ளை ஒண்டும் செய்யேல்லை," என்றேன். "ஆனால் குடுக்கமாட்டன்."

கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அந்தப் பிள்ளைக்காக வருத்தப்பட வேண்டும் என்று பிறகு பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வரும், உடனே அவளுடைய தகப்பனின் முகம் வரும், வருத்தம் போய்விடும்.