நிழல் எங்கே விழும் என்று கேட்டவர்

டாக்டர் வேல்சாமி தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது கால்நடை ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. நான் ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "மாமா காலையில எந்திரிக்கவே இல்ல" என்றார் அவருடைய மருமகன், செல்போனில். ஊசியைப் போட்டு முடித்து, ஆட்டுக்காரரை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. அவரிடம் பல வருஷம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கோடை வந்தால் போன் செய்து, "நாய் எதுவும் வந்துச்சாய்யா?" என்று கேட்பார். இனி அந்த போன் வராது.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். நம் பக்கத்தில் கால்நடை டாக்டர் என்றாலே மாட்டு டாக்டர்தான். மாட்டைக் கொண்டுவருவார்கள், ஆட்டைக் கொண்டுவருவார்கள். நாய் செத்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துவருவார்கள். அந்த நாய்களுக்காக அவர் ஊரோடு சண்டை பிடித்தார். சிவகாசி முதலாளி ஒருவர் சடை நாய் ஒன்றை வாங்கி, வெயிலுக்கு நல்லதென்று தோல் தெரிய மழித்துவிட்டுக் கொண்டுவந்தார். அதன் முதுகெல்லாம் வெந்து சிவந்திருந்தது. "கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குள்ள வெயில் அடிக்குதுன்னு வந்து நிக்கீகளே" என்றார் டாக்டர். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த வருஷம் அவர் மழிக்கவில்லை.

தாயில்பட்டிப் பக்கம் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போன ஒரு மத்தியானத்தை என்னால் மறக்க முடியாது. பட்டாசுக் கம்பெனி ஒன்றின் கேட்டருகே கூட்டம் கூடியிருந்தது. கோடைக்கு முன் தீ பரவாமலிருக்க வேலியைச் சுற்றிப் புல் பூண்டு, செடி கொடி எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்துவிடுவது கம்பெனிகளின் வழக்கம். அதனால் கேட்டுக்கு வெளியே ஒதுங்கப் பொட்டு நிழல் கிடையாது. அந்தக் கட்டாந்தரையில் ஒரு செவலை நாய் தள்ளாடி விழுந்து கிடந்தது. வாயில் நுரை தள்ளியது. "வெறி புடிச்சிருச்சு, அடிச்சுப் போடுங்கலே" என்று யாரோ சொல்ல, கையில் கம்புகளோடு சிலர் நின்றார்கள்.

அது உள்ளே வேலை செய்யும் பேச்சியம்மாளின் நாய். புருஷன் இறந்த பிறகு அந்த வீட்டில் அவளும் நாயும்தான். தினமும் அவள் பின்னாலேயே வந்து, சாயங்காலம் வரை கேட்டில் காத்துக் கிடக்கும். "வெறியெல்லாம் இல்ல சார், காலையில கஞ்சி குடிச்சிட்டுத்தான் வந்துச்சு" என்று கம்புகளுக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். வெறி கண்ட நாயால் கஞ்சியை விழுங்க முடியாது. டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நான் பின்னால்தான் நின்றேன்.

அவர் நேராக உள்ளே போய், தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகளில் இரண்டைத் தூக்கினார். போர்மேன் ஓடிவந்து, "சார், அது தீக்கு வச்ச தண்ணி!" என்றார்.

"இதுவும் தீதாம்யா" என்றார் டாக்டர்.

நாயை எங்கள் ஜீப்பின் நிழலுக்கு இழுத்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றினார். ஒருவர் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினார். டாக்டர் அதைப் பிடுங்கி எறிந்தார். "மூடாதீங்கய்யா, சூடு உள்ளயே அடைஞ்சுக்கிடும். அட்டைய எடுத்து விசிறுங்க." இன்னொருவர் வாயைப் பிளந்து தண்ணீர் புகட்டப் போனார். "பொறைக்கேறிச் செத்துப்போகும். அதுவா குடிக்கட்டும்" என்று அதையும் தடுத்தார். வெகுநேரம் கழித்து நாய் தலையைத் தூக்கியது. "நமக்கு வேர்க்கும், துண்டு இருக்கு. இதுக்கு நாக்கு மட்டும்தாம்யா" என்று என்னிடம் சொன்னார். பிறகு பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, "இனிமே இதைக் கூட்டிட்டு வராதம்மா. வீட்லயே கட்டிப் போட்டுட்டு வா" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. மறு வருஷக் கோடையில் பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், நாய் இல்லாமல். வீட்டுக்கு மேற்கே இருந்த கல்தூணில் கட்டி, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். காலையில் அங்கே வீட்டு நிழல் குளுகுளுவென்று இருக்கும். உச்சிக்கு மேல் அத்தனை வெயிலும் அங்கேதான் இறங்கும். கயிறு இடறிச் சட்டியும் கவிழ்ந்துவிட்டது. அன்றைக்கு அவசர ஆர்டர், கம்பெனியில் நேரத்தோடு விடவில்லை. அவள் திரும்பியபோது நாய் செத்துக் கிடந்தது.

"நீங்க சொன்னபடிதான் சார் கட்டிப் போட்டேன்" என்றாள். அவள் குறை சொல்ல வரவில்லை. தான் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள்.

அன்று மத்தியானமே அவள் வீட்டுக்குப் போனோம். அவர் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "நிழல் நகரும்னு எனக்குத் தெரியாதாய்யா? சொல்லணும்னு தோணலையே" என்றார். அதன்பின் நாய் வளர்க்கும் யாரைப் பார்த்தாலும், கல்யாண வீடானாலும் இருக்கன்குடிக் கோயில் வாசலானாலும், கேட்பார்: "கட்டுற எடத்துல மத்தியானம் நிழல் எங்க விழும்?" பதில் தெரியாதவர்களிடம் எரிந்து விழுவார். கிறுக்கு என்று சிலர் பேசினார்கள். அவர் எரிந்து விழுந்தது தன்மேல்தான் என்பது எனக்குத் தெரியும்.

விருதுநகரில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மாலை போட்டுவிட்டு, அவர் வளர்த்த நாய் ஞாபகம் வந்து கொல்லைப்பக்கம் போனேன். அங்கே பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாயின் கயிறு அவள் கையில் இருந்தது.

"கூட்டத்துல குலைக்குதுன்னு இங்கன கட்டிட்டாக சார். காலையில நிழல்தான் இருந்துச்சு. நிக்காதுன்னு தெரிஞ்சிச்சு, அதான் அவுத்துப் புடிச்சுக்கிட்டு நிழல் போற பக்கமா இருந்துட்டேன்."

"டாக்டர் முகத்தைப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார். இதை விட்டுட்டு எப்படிப் போக? தூக்குறதுக்குள்ள யாராச்சும் வருவாகன்னு பாத்தேன்."

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. கயிற்றை வாங்கிக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டு வரும்படி அவளை அனுப்பினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை அந்தக் கேள்வியும் அந்த நாயும்தான். கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறேன். நாயை நான் கட்டிப்போடுவதில்லை.