பட்டை அக்காவுக்குப் போட்ட பட்டை நாமம்

வேலை இடத்தில் அவளுக்குப் பட்டை அக்கா என்றுதான் பெயர். வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ரேடியோ தொலைநோக்கியின் பெரிய தட்டு எந்தப் பட்டையை எப்போது பார்க்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவள். முழு வானத்துக்கும் ஒரே படம் என்ற இந்த ஒரு வேலையில்தான் அவள் தலை நரைத்தது. "வானத்தையே அளக்குற, ஜன்னலுக்குத் திரைத்துணி அளந்து வாங்கத் தெரியல" என்பான் கணவன். அவளும் சிரித்துவைப்பாள்.

கடைசியில் ஒரே ஒரு பட்டைதான் விட்டுப்போனது. அதைப் பார்க்க வேண்டிய நாட்களில், பெரிய மனிதர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வசதியாகத் தட்டைக் குனிய வைத்துவிட்டார் ஆய்வு மைய இயக்குநர். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அது தலைகுனிந்து நின்றதைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி நேரம் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றார். அவர் அகராதியில் அதற்கு 'மாட்டேன்' என்று பொருள்.

வெளியீட்டு விழாவன்று மண்டபச் சுவரில் அந்த முழு வானப் படம் தொங்கியது. விட்டுப்போன பட்டையின் இடத்தில் இருக்க வேண்டிய ஓட்டையையே காணோம். கிட்டே போய்ப் பார்த்தாள். பக்கத்துப் பட்டையின் புள்ளிகளேதான், அதே வரிசையில். படத்தைக் கோத்துக் கொடுத்த கணினிக்காரனைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐயாதான்க்கா, காலியா இருந்தா அசிங்கமா இருக்கு, எதையாவது போட்டு நிரப்புன்னாரு. பக்கத்துல இருந்ததை எடுத்து ஒட்டிட்டேன்."

"ஒட்டினதை அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலியே."

ஓட்டையாகவே விட்டிருந்தால் யாருக்கும் வெட்கமில்லை. இந்தப் பித்தலாட்டத்தின் மூலையில் அவள் பெயரையல்லவா கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்! இயக்குநரைத் தேடி ஓடினாள். அவர் அதற்குள் மேடையேறிவிட்டார்.

"இந்த ரெண்டு பட்டையையும் பாருங்க! அச்சு அசலா ஜோடி ஜோடியா! உலகத்துல யாருமே பாக்காத அதிசயம். இவங்களோட கண்டுபிடிப்பு!" என்று அவளைக் கைகாட்டினார்.

இத்தனை படித்தவருக்கு, தான் நிரப்பச் சொன்ன இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. தூ, இவரெல்லாம் ஒரு இயக்குநர்! அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"அந்தப் பட்டையை நான் பாக்கவே இல்லீங்க. அதுல என் பேரு வேண்டாம், எடுத்துடுங்க."

மேலே சொல்வதற்குள் இயக்குநர் மைக்கைப் பறித்துக்கொண்டார்.

"பேரே வேண்டாங்கறாங்க பாருங்க! இதுதாங்க தன்னடக்கம்!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. "அது ஒட்டுவேலைங்க, வெறும் ஒட்டு!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் நன்றி சொல்வதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.