என் சட்டைப்பையில் போல்ட்

மான் வேட்டைக்கு என்னை அழைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர், மவுண்ட் வெல்லிங்டன் புறநகரில் தன் கராஜில் பழைய ரைபிளின் விசையை இலகுவாக்கிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. திருகாணியைத் தொடும்போதெல்லாம் விசை தானாக விழுகிறதா என்று தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தரையில் ஒரு குத்து குத்திப் பார்ப்பார். துள்ளியது நான்தான்.

"தானா வெடிச்சிடாதேண்ணே?"

"இண்டைக்கு வெடிக்கேல்லை. ஏன் தம்பி, நாளைக்கு நீர்தானே முன்னால நடக்கிறீர்?"

ஐம்பது வயதில் தம்பி என்று அழைக்கப்பட்டதற்குக்கூட மகிழ முடியவில்லை.

மறுநாள் காட்டில் நான் அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்து நடப்பதைக் கண்டவர், ரைபிளின் சுடும் ஊசி இருக்கும் போல்ட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இது இல்லாட்டி வெடிக்காது. வைச்சிரும்."

எதிரே மான் வந்து நின்றது. அவர் சத்தமில்லாமல் கை நீட்டினார். நான் எல்லாப் பைகளையும் துழாவி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

அவர் திட்டவில்லை, நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த விசைக்கு என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.