மூன்றாம் கியரில் என் இடது கை

எங்கள் பஸ்ஸில் மூன்றாம் கியர் இறக்கத்தில் தானாக நழுவிவிடும். நழுவினால் என்ஜினின் பிடி விட்டுப்போய் வண்டி தன் இஷ்டத்துக்கு உருளும். காஞ்சிபுரம் தட்டையான ஊர், ஊருக்குள் ஓட்டுகிற வரை ஒரு வம்பும் இல்லை. ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றுக்கு இறங்கும் வளைவில்தான் வண்டியின் குணம் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தடத்தில் நான்தான் டிரைவர்.

எனக்குக் கொஞ்சம் திமிர் அதிகம். எந்த ஓட்டை வண்டியையும் ஓட்டிவிடுவேன் என்று டீக்கடையில் அளப்பேன். என் கண்டக்டர் நேர்மாறு. தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் பஸ்ஸுக்கு வந்தவன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். அந்த இறக்கம் வந்தாலே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்யாத நாள் கிடையாது.

எங்களுடையது மட்டுமல்ல, அதோடு சேர்ந்து வந்த வண்டிகள் எல்லாவற்றிலும் அதே கோளாறாம். அதனால் வண்டி செய்த கம்பெனியே இரண்டு ஆட்களை ஷெட்டுக்கு அனுப்பியது. கியர் பாக்ஸைத் திறந்து ஒரு ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று காகிதம் எழுதிக் கொடுத்துப் போனார்கள். அதன் பிறகு கியர் நழுவவில்லை. எனக்கு நிம்மதி.

கண்டக்டருக்கு நிம்மதி இல்லை. "கியர் ராடு இன்னும் துடிச்சிக்கினுதான் இருக்குதுண்ணே. எனக்கு நல்லாத் தெரியுது" என்றான்.

"துடிக்கிறது உன் நெஞ்சுடா" என்றேன்.

அவன் என்னிடம் சொல்லாமலே சர்க்காருக்கு மனு எழுதிப் போட்டுவிட்டான். ரிப்பேர் போதுமானதா இல்லையா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கடமைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ரகம் இல்லை. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதாது என்று ஒவ்வொரு சீட்டிலும் மணல் மூட்டை ஏற்றச் சொன்னார். வண்டி பழகிய டிரைவரே ஓட்டட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். மனு போட்டவன் வண்டியில் ஏறக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால், கண்டக்டர் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அந்த இறக்கத்தில் மூன்று முறை இறங்கினேன். அதிகாரி முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையும் வேக முள்ளையும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு முறைகூட கியர் நழுவவில்லை.

"நழுவுச்சாப்பா?"

"இல்லைங்க சார்."

அப்படியே எழுதிக்கொண்டார். திரும்பி வந்ததும் கண்டக்டர் ஓடிவந்தான். "நெஜமா நழுவலையாண்ணே?"

எனக்கு எரிச்சல். "மூட்டை ஏத்தி மூணு வாட்டி எறக்கியாச்சி. இனிமே கம்பியைப் புடிச்சிக்கினு நின்னே, சேலை கட்டி அனுப்பிடுவேன்."

அவன் சிரித்தான். "நீ சொன்னா சரிண்ணே" என்றான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

அடுத்த மாதம் முசரவாக்கத்தில் என் அக்கா மகள் கல்யாணம். நான் இரண்டு நாள் லீவு போட்டேன், ஸ்பேர் டிரைவர் ஓட்டினார். முதல் நாளே, முழு பாரத்தோடு இறங்கும்போது கியர் நழுவிவிட்டது. வண்டி வேகம் பிடிக்க, அவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்து வளைவில் ஒடித்தார். பஸ் கவிழவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். வாசலில் நின்ற கண்டக்டர் வெளியே வீசப்பட்டுக் கல்லில் விழுந்தான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

அதே அதிகாரி மறுபடி வந்தார். அதே பஸ், அதே மணல் மூட்டைகள், ஓட்டியதும் நான்தான். இந்த முறை அவர் என் பக்கத்தில், என்ஜின் மூடிமேல் உட்கார்ந்தார். பாதி இறக்கத்தில், "உன் கை அங்க என்ன பண்ணுது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் இடது உள்ளங்கை கியர் ராடை அழுத்திப் பிடித்திருந்தது.

"எடுப்பா."

எடுத்தேன். ராடு டக்கென்று துள்ளி நடுவில் வந்து நின்றது. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினேன். ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன்பு ஒரு வருஷம், நழுவுவதைக் குறைக்க அப்படி அழுத்தியே ஓட்டிய பழக்கம். மாற்றிய பிறகும் கை விடவில்லை, அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அன்னைக்கு நானும் ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் எழுதிய அறிக்கையால் பின்னாளில் அந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் கியர் பாக்ஸையே மாற்றினார்கள். நான் பொய் சொல்லவில்லை என்று ஊரே எனக்குச் சமாதானம் சொன்னது. நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன், பதினாறாம் நாள் காரியம் வரைக்கும்.

அன்று அவன் வீட்டு வாசலில் பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நூல் இழைக்கும் வேலைக்கு எங்கள் பஸ்ஸில் தினமும் காஞ்சிபுரம் வந்துபோகிறவர். சம்பவத்தன்றும் அதே பஸ்ஸில் இருந்திருக்கிறார்.

"எப்பவும் எறக்கத்துல கம்பியைப் புடிச்சிக்கினு நிக்கும்பா அந்தப் புள்ள. அன்னைக்கு ரெண்டு கையாலயும் டிக்கெட்டு கிழிச்சிக்கினு இருந்துச்சி. ஏம்பா, புடிச்சிக்கலையான்னு கேட்டேன். இனிமே வேணாம்மா, எங்க டிரைவர் அண்ணனே சொல்லிட்டாருன்னுச்சி."