ஒரே கூடத்தில் பரிசளிப்பும் பகுதி சபையும்

குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம் என் மேஜைக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தன. அம்பத்தூரிலிருந்து வரும் ஒரு வட்டார வாரப் பத்திரிகையில் நான் நிருபர். விடுமுறை நாள் விழாக்களும் வார்டு கூட்டங்களும் என் பொறுப்பு.

முதல் அறிவிப்பு, குடியரசு தினத்தன்று காலை பட்டாபிராம் சமுதாயக் கூடத்தில் பகுதி சபைக் கூட்டம். தெருக்காரர்கள் கவுன்சிலரிடமும் மாநகராட்சி இன்ஜினியரிடமும் நேரில் குறை சொல்லலாம். இரண்டாவது, பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கான பரிசளிப்பு. அதே கூடம், அதே நேரம்.

கவுன்சிலருக்கு போன் போட்டேன். பரிசளிப்பை மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள் என்றார். அதை நடத்தும் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். ரயில்வே காலனி சர்ச்சில் பாடுகிறவர். எல்லா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். யாரும் இறங்கி வரவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்துவிடு என்றார் எடிட்டர். எடுத்தால் கூட்டம்தான் அடிபடும் என்று எனக்குத் தெரியும். வாதாடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடவைத்தேன்.

அன்றைக்குக் கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், அம்மாக்கள், ரயில்வே வேலைக்காரர்கள். பகுதி சபைகளில் அதுவரை நான் பார்த்ததெல்லாம் காலி நாற்காலிகள்தான். கவுன்சிலர் வாசலிலேயே நின்றுவிட்டார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஸ்டெல்லா அவரிடம் போனார்.

"மொதல்ல உங்க கூட்டத்த முடிங்க சார். பரிசு வாங்காம இங்க யாரும் எழுந்து போவ மாட்டாங்க."

கவுன்சிலர் சிரித்துவிட்டார்.

கூட்டம் ஆரம்பித்தது. முதலில் தேவகி எழுந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். ஸ்கிப்பிங்கில் ஜெயித்த மகளுக்காக வந்தவர். மைக்கைக் கையில் வாங்கினார்.

"ஸ்டேஷன்லேர்ந்து எங்க தெருவுக்கு வர்ற வழில ஒரு லைட்டு இல்ல சார். துணைக்கு ஆளு வர்ற வரிக்கும் பிளாட்பாரத்துலயே குந்திகினு கீறோம். ஊட்ல புள்ளைங்க பசியோட கீதுங்க."

பரிசீலிப்பதாக இன்ஜினியர் சொன்னார். எப்போது என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். அவரைத் தொடர்ந்து பலர் கேட்டார்கள். கவுன்சிலர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"மாசத்த சொல்லிடுங்க சார். நானும் இந்த ஏரியாலதான் குடியிருக்கேன். நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க."

இன்ஜினியர் வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். சித்திரைக்கு முன்னால் போட்டுவிடலாம் என்றார். அதையே தீர்மானமாக நிறைவேற்றினார்கள். அப்புறம்தான் பரிசு கொடுத்தார்கள். நான் அந்த மாதத்தைத் தலைப்பிலேயே போட்டேன். பங்குனியில் விளக்குகள் எரிந்தன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டம் எங்கே, எப்போது என்று ஜனங்கள் கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள். யார் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பதைப் பெயரோடு எழுதுங்கள். பொன்னாடை போர்த்திய படத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த பகுதி சபையின்போது விழா எதுவும் கிடையாது. வழக்கம்போல ஆள் இருக்காது என்று நிதானமாகப் போனேன். உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. சுவரோரம் நின்றபடியே குறிப்பெடுத்தேன்.